கண் அளவுத் துண்டு யாருக்குச் சொந்தம்?



நாலைந்து நாளாக எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வொய்ஸ் சுற்றித் திரிகிறது. ஒன்லைனில் கண்ணாடி வாங்கினால் பார்வை போய்விடும், பிள்ளைகளின் கண் கெட்டுவிடும், ஆகவே கடைக்கே வாருங்கள் என்பது அதன் சாரம். அதற்குக் கீழே இளைஞர்கள் சிலர், கடைக்காரர் எல்லாரும் கொள்ளைக்காரர், எல்லாவற்றையும் போனிலேயே ஓடர் பண்ணுங்கள் என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுச் சத்தம் போடுகிறது. நடுவில் அகப்பட்டிருப்பது எமது வகுப்பறைப் பிள்ளைகள். அதனால்தான் ஆசிரியர்களாகிய நாங்கள் வாய் திறக்கிறோம்.

பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளையை நாங்கள் தினமும் காண்கிறோம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளின் பார்வையைச் சோதித்து, குறை இருந்தால் எழுதி அனுப்புகிறார்கள். அரச ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் பணம் வாங்காமல் பார்த்து நம்பரும் எழுதிக் கொடுக்கிறார்கள். இதுவரைக்கும் இலவசம். கண்ணாடி என்று வரும்போதுதான் வீடு மௌனமாகிறது. "சம்பளம் வரட்டும் சேர்." "வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பட்டும் டீச்சர்." "லீவு வரட்டும், பார்ப்போம்." ஒரு தவணை மூன்று தவணையாகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் பிரேமும் லென்ஸும் சேர்ந்தே ஏறின. சம்பளம் அப்படி ஏறவில்லை.

எமது தரம் 8 மாணவி ஒருத்தியின் உம்மா ஒரு கடைக்குப் போனார். கண் சோதனை இலவசம் என்று வெளியே பெனர். சோதித்தார்கள், பிரேம் காட்டினார்கள், 19,500 ரூபா என்றார்கள். அவர் சண்டை பிடிக்கவில்லை. "நம்பரை ஒரு துண்டில எழுதித் தாங்க தம்பி, வேற இடத்திலயும் விசாரிச்சுப் பார்க்கிறன்" என்றுதான் கேட்டார். "எங்களிட்ட எடுத்தால்தான் துண்டு தருவம். ஃப்ரீயாத்தானே செக் பண்ணினோம்" என்று பதில் வந்தது. பிள்ளை கண்ணாடி இல்லாமலே திரும்பி வந்தது.

எங்கள் கோபம் 19,500 ரூபா மீது அல்ல. கடைக்காரருக்கு வாடகை உண்டு, ஊழியர் சம்பளம் உண்டு, விற்காமல் கிடக்கும் பிரேம் உண்டு. அவர் இலாபம் வைக்கட்டும், வியாபாரம் ஹலால். எங்கள் கோபம் அந்தத் துண்டு மீது. அந்த நம்பர் அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்து எடுத்த அளவு. அது கடையில் இருக்கும்போது ஓர் அமானிதம். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கினால்தான் தருவேன் என்பது என்ன நியாயம்? அளவையில் மோசடி செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு ஸூரா இருக்கிறது, ஸூரத்துல் முதஃப்பிஃபீன். குறைத்து அளப்பதை நாம் பாவமென்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அளந்துவிட்டு அளவையே மறைப்பதை என்னவென்று சொல்வது?

இலவசச் சோதனைக்குச் செலவு இருக்கிறது என்றால், சோதனைக்கு ஒரு விலையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கட்டுகிறோம். கட்டிய பிறகு துண்டு எங்களுடையது. இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. சோதித்தவர் நம்பரை எழுதிக் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1978இலிருந்து இருக்கிறது. பிரித்தானியாவிலும் அது சட்டம். அங்கே கண்ணாடிக் கடைகள் மூடப்பட்டுவிடவில்லை.

இனி அந்த வொய்ஸ் சொல்வதைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் நம்பர் கொஞ்சம் பிழைத்த கண்ணாடியைப் போட்டால் தலை வலிக்கும், தலை சுற்றும், பார்வை மங்கும். கழற்றினால் அது தீரும். கண் குருடாகாது. ஆகவே அந்தப் பயமுறுத்தல் பொய். ஆனால் சிறு பிள்ளையின் விஷயம் வேறு. ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண் தெளிவாகப் பார்க்கப் பழகாவிட்டால் அந்தக் கண் சோம்பல் கண்ணாகிவிடும், பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராமல் போகலாம். கண்ணாடியே போடாமல் தவணை தவணையாகத் தள்ளிப்போடுவதால் வரும் கெடுதியும் இதுதான். வொய்ஸ் அனுப்பியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிள்ளைகள் பற்றி இன்னொன்று. சின்னக் கண் தன்னை இறுக்கிக்கொண்டு உண்மையான நம்பரை மறைக்கும். அதனால்தான் கண் டொக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார். "கொம்பியூட்டர் கண் பரிசோதனை" என்ற பெனருக்குக் கீழே இருக்கும் மெஷினில் இரண்டு நிமிடம் நாடியை வைத்து எடுத்த நம்பர், பிள்ளைக்குத் தேவைக்கு மேல் மைனஸாக வந்துவிடலாம். ஒன்லைன்காரர் கண்ணையே பார்ப்பதில்லை என்று குறை சொல்லும் கடை, தான் என்ன பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம்பர் எடுப்பது வேறு, கண் நோய் பார்ப்பது வேறு. சீனி வருத்தம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்ணின் பின்பக்கத்தை டொக்டரிடம் காட்ட வேண்டும். அதைக் கடை மெஷினும் செய்யாது, போனும் செய்யாது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். துண்டில் ஸ்பியர், சிலிண்டர், அக்ஸிஸ் என்று இருக்கும். இவற்றோடு பி.டி என்று ஒன்றும் வேண்டும். இரண்டு கருமணிகளின் நடுவுக்கும் இடையிலான தூரம் அது. வளர்ந்தவர்களுக்கு அநேகமாக 54க்கும் 74 மில்லிமீட்டருக்கும் இடையில் வரும். லென்ஸின் மையங்கள் இந்தத் தூரத்தில் அமைய வேண்டும். விலகினால் பிரிஸம் உண்டாகும். எவ்வளவு என்பதை எமது தரம் 10 பிள்ளையே செய்துவிடும். விலகலைச் சென்ரிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். பவர் 1, மொத்த விலகல் 5 மில்லிமீட்டர் என்றால் விடை 0.5. பவர் 6 என்றால் அதே 5 மில்லிமீட்டருக்கு விடை 3. முதலாமவர் அநேகமாக உணரவே மாட்டார். இரண்டாமவர் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார். சிலிண்டரும் இப்படித்தான். அக்ஸிஸ் 30 பாகை பிழைத்தால், போட்ட சிலிண்டர் அளவுக்கே புதிதாக ஒரு பிழை மிஞ்சும். ஓடர் பண்ணும்போது மைனஸுக்குப் பதில் பிளஸை அழுத்தினால் பெட்டி திறக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே யார் எங்கே வாங்கலாம் என்பது கோஷத்தில் இல்லை, துண்டில் இருக்கிறது. வளர்ந்தவர், பவர் 2, 3க்குள், சிலிண்டர் சிறியது, பி.டி ஒழுங்காக அளந்திருக்கிறது, கண்ணில் வேறு நோயில்லை என்றால், டராஸிலோ முகநூல் பக்கமொன்றிலோ 4,000, 5,000 ரூபாவுக்கு நல்லது கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கலாமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். 40 தாண்டி, இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு வாசிப்புக் கண்ணாடி மட்டும் தேவையென்றால் இன்னும் மலிவாகவே முடியும். பெரிய பவர், பெரிய சிலிண்டர், தூரமும் கிட்டவும் ஒன்றாகச் சேர்ந்த புரொக்ரெசிவ் லென்ஸ் என்றால் கடைக்கே போங்கள். அங்கே முகத்தில் வைத்து அளக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் ஒன்லைன் வேண்டவே வேண்டாம். பிரித்தானியாவில்கூட 16க்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பதிவுபெற்ற ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் கண்ணாடி விற்க முடியாது.

கடையில் வாங்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்ட வேண்டாம். பில்லைப் பிரித்துக் கேளுங்கள். பிரேம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, கோட்டிங் எவ்வளவு? "புளூ கட்" என்று ஒன்றைச் சேர்த்துச் சில ஆயிரம் ஏற்றுவார்கள், போன் பார்க்கும் பிள்ளைக்குக் கட்டாயம் என்பார்கள். கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2023இல் அதுவரை நடந்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. கொம்பியூட்டர் பார்ப்பதால் வரும் கண் களைப்பைச் சாதாரண லென்ஸை விட அது குறைப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கண்ணாடி வெறும் படிப்புச் சாமானுமல்ல. அஸ்ஸாமில் 40 வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களை விட ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக முன்னேறினார்கள். மருதமுனைத் தறியில் நூல் கோர்ப்பவரையும், வீட்டில் இரவு தையல் மெஷினில் குனிந்திருக்கும் உம்மாவையும் நினைத்துப் பாருங்கள். மலிவான ஒரு கண்ணாடி அவர்களுக்குச் சம்பாத்தியம்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, எமது ஊர்க் கண்ணாடிக் கடைகளுக்கு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பி.டியோடு முழுத் துண்டையும் கொடுங்கள். ஒன்லைனில் வாங்கி வந்த கண்ணாடியைச் சரிபார்த்து, காது மூக்குக்கு இசைவாக்கிக் கொடுக்க ஒரு கட்டணம் வையுங்கள். வெளியே வாங்கிவிட்டு உங்களிடம் சும்மா வேலை வாங்குவதும் நியாயமில்லை.

இரண்டு, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும். ஸதகா நிதியில் கண்ணாடிக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குங்கள். நாற்பது ஐம்பது பிள்ளைக்குச் சேர்த்து ஒரே கடையில் பேசினால் விலை இறங்கும். ஒப்பந்தத்தில் துண்டு கொடுப்பதையும் நிபந்தனையாகப் போடுங்கள்.

மூன்று, ஹிஃப்ழ் மத்ரஸா நிர்வாகிகளுக்கு. நாள் முழுக்க முஸ்ஹஃபில் கண் பதித்திருக்கும் பிள்ளைகள் உங்களிடம் இருக்கிறார்கள். அவர்கள் கடைசியாக எப்போது கண் சோதித்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள்.

நான்கு, பெற்றோருக்கு. அடுத்த முறை கடையில் விலை கேட்பதற்கு முன் துண்டு தருவீர்களா என்று கேளுங்கள். தரும் கடைக்கு ஊரெல்லாம் ஆள் சேர்த்துக் கொடுங்கள். தராத கடையில் சோதனைக்கும் உட்கார வேண்டாம். துண்டு கிடைத்து, அதில் உள்ளது விளங்காவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று வாசித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.