மீட்டர் கேஜுக்கு ஒரு மேசை

"பொருட்காட்சியெல்லாம் முன்ன மாதிரி இல்லப்பா"ங்கிற புலம்பலை வருஷத்துக்கு ஒரு தடவையாவது யார் வாயிலிருந்தாவது கேட்டுடறோம். டெல்லி அப்பளம் சின்னதாயிடுச்சு, மரணக் கிணறுல கூட்டமே இல்ல, ராட்டினத்துக்கு டிக்கெட் ஏறிடுச்சு... இப்படி. எனக்கும் ஒரு புலம்பல் உண்டு. அது அப்பளத்தைப் பத்தினது இல்ல. ரயிலைப் பத்தினது. மேசை மேல வட்டமா ஓடுற குட்டி ரயில்.

கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க :-)

எங்க திண்டுக்கல் பக்கம் மாடல் ரயில் கிளப், சேகரிப்பாளர் சந்தைன்னெல்லாம் எதுவும் கிடையாது. ஒரு பையன் குட்டி ரயிலைப் பார்க்கணும்னா மூணே இடம்தான். ஒண்ணு, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி. ரெண்டு, பொங்கல் லீவுக்கு மெட்ராஸ் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா, தீவுத்திடல் பொருட்காட்சியில ரயில்வேகாரங்க அரங்கு. மூணு, நவராத்திரி கொலு. கொலுப்படிக்குக் கீழ பார்க்கு ஒண்ணு போடுவாங்களே, கடுகும் ராகியும் முளைக்க வச்சு, கண்ணாடித் துண்டுல குளம் கட்டி... அதைச் சுத்தி சாவி கொடுத்தா ஓடுற தகர ரயில். யோசிச்சுப் பார்த்தா, தமிழ்நாட்டோட மிகப் பழைய சேகரிப்பாளர் கண்காட்சி கொலுதான். வருஷா வருஷம் புதுசா ஒண்ணு சேர்க்கணும், ஊரைக் கூப்பிட்டுக் காட்டணும், வந்தவங்களுக்குச் சுண்டல் கொடுக்கணும். உலகத்துல வேற எந்தக் கலெக்டர்ஸ் ஷோவுலயும் சுண்டல் கிடையாதுங்க!

எங்க பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக் கொலுவுக்கு மட்டும் பசங்க கூட்டம் அலைமோதும். அந்த வீட்டுப் பெரியவர் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். எங்களுக்கெல்லாம் அவர் 'பொன்மலை மாமா'. பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி, பித்தளைக் கம்பியை வளைச்சு, ஒரு ஒய்.பி. நீராவி இஞ்சினை அவரே செஞ்சு வச்சிருந்தார். மோட்டார் கிடையாது, சாவி கிடையாது. கையால தள்ளணும், அவ்வளவுதான். ஆனா தள்ளினா பிஸ்டன் உள்ள போய் வெளிய வரும், இணைப்புத் தண்டு ஏறி இறங்கும்.

அதை வச்சுக்கிட்டு அவர் ஒரு கேள்வி கேட்பார். "இஞ்சின் 'சக் சக்'னு சத்தம் போடுதே, பெரிய சக்கரம் ஒரு தடவை சுத்துறதுக்குள்ள எத்தனை 'சக்' வரும், சொல்லு பார்ப்போம்?" ஒண்ணும்போம், ரெண்டும்போம். நாலு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர், ஒவ்வொண்ணுலயும் பிஸ்டன் முன்னாடி போகும்போது ஒரு தடவை, பின்னாடி வரும்போது ஒரு தடவை நீராவி வெளியேறும். ஆக நாலு. சக்கரத்தை நம்ம கையாலேயே சுத்த வச்சு எண்ணிக் காட்டுவார். பத்து வயசுப் பையனுக்கு நீராவி இஞ்சின் புரிஞ்சு போச்சு. பாடப்புத்தகம் ரெண்டு பக்கத்துல செய்ய முடியாததை ஒரு தகர டப்பா செஞ்சது.

அவர் காலமாகி, குடும்பம் வீடு மாறினப்போ, அந்த இஞ்சின் பழைய இரும்போட இரும்பா எடைக்குப் போயிடுச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. அது பொம்மை இல்ல, அளவு எடுத்துச் செஞ்ச மாடல்னு வீட்டுல யாருக்குத் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். 'அந்தக் காலம் பொற்காலம்'னு ஒப்பாரி வைக்கிற ஆளு நான் இல்ல. அந்தக் காலப் பொருட்காட்சியில கயிறு கட்டித் தள்ளி நிக்க வச்சிருப்பாங்க. பாதி நேரம் ரயில் வளைவுல தடம் புரண்டு கிடக்கும். ஹார்ன்பி, மார்க்லின் மாதிரி வெளிநாட்டு ரயில்செட் எல்லாம் ஃபாரின் மாமா இருக்கிற வீட்டுப் பசங்களுக்குத்தான். இன்னைக்கு அப்படியில்ல. நம்ம ஊர் ரயில் மாதிரியே பெயிண்ட் அடிச்ச பொம்மை வண்டிகளை நடுத்தரக் குடும்பமே வாங்கிடலாம். சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்துல 2002ல இருந்து ரயில் அருங்காட்சியகம் இருக்கு. திருச்சியில 2014ல ஒண்ணு வந்தது. புனேயில ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம்னு, பி.எஸ்.ஜோஷிங்கிற தனி மனுஷரோட பொழுதுபோக்குல இருந்து வளர்ந்து, 1998ல இருந்து நிரந்தரமா நடக்குது. வசதின்னு பார்த்தா இப்பத்தான் அதிகம்.

அப்புறம் என்னதான் குறையுது?

மேசைக்குப் பின்னாடி நிக்கிற ஆள் குறையறார். அவ்வளவுதான் என் கட்சி. ரயில் ஓடுது, விளக்கு எரியுது, எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கிட்டு நகர்றாங்க. "இது ஏன் இப்படி ஓடுது?"ன்னு குழந்தை கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. அரங்குல இருக்கிற தம்பிக்குத் தெரிஞ்சதெல்லாம் சுவிட்ச் எங்க இருக்குங்கிறது மட்டும்தான். அது அந்தத் தம்பி தப்பும் இல்ல.

இது நமக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல வார்லி கிளப்காரங்க வருஷா வருஷம் நடத்தின மாடல் ரயில் கண்காட்சி அந்த நாட்டுலயே பேர்பெற்றது. 2023 நவம்பரோட அது முடிஞ்சு போச்சு. கூட்டம் வராததால இல்ல. நடத்துறவங்களுக்கு வயசாயிடுச்சு, தோள் கொடுக்க இளவட்டம் போதல. அமெரிக்காவுல பென்சில்வேனியா யார்க் நகரத்துல, 1954ல தொடங்கின ரயில் சேகரிப்பாளர் சங்கம் ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் பெரிய சந்தை கூட்டுது. அங்கயும் பழைய ஆளுங்க இதே பாட்டைத்தான் பாடுறாங்க: 'முன்ன மாதிரி இல்ல'.

ஆனா இன்னொரு பக்கம் பாருங்க. ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல மினியேச்சர் வுண்டர்லாண்ட்னு 2001ல ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் குட்டித் தண்டவாளம். அது 87ல ஒரு பங்கு அளவு. நிஜ அளவுக்குப் பெருக்கினா கிட்டத்தட்ட 1400 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பி வர்ற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல வர்றாங்க. ஆக ஜனங்களுக்குக் குட்டி ரயில் சலிக்கல. அங்க ரயில் மட்டும் ஓடல. சந்தை நடக்குது, சண்டை நடக்குது, கல்யாணம் நடக்குது. குட்டி உலகம் ஒரு கதையைச் சொல்லுது. கதை இருந்தா கூட்டம் நிக்குது.

அப்ப நம்ம கதை என்ன?

இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். நம்ம ஊர்க் கண்காட்சியில நீங்க பார்க்கிற பெரும்பாலான குட்டி ரயில்கள் நம்ம ரயிலே இல்ல. தமிழ்நாட்டுத் தென்பகுதி நூறு வருஷத்துக்கு மேல போனதும் வந்ததும் மீட்டர் கேஜ்ல. திருச்சி - மதுரை பாதை திண்டுக்கல் வழியா 1875ல வந்தது. 1928ல பழனி, பொள்ளாச்சிப் பக்கம் கிளைவிட்டது. 1977 ஆகஸ்ட் 15ந் தேதி கிளம்பின வைகை எக்ஸ்பிரஸ் மீட்டர் கேஜ்ல பறந்த வண்டி. ராமேஸ்வரத்துல ஏறினா மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியா கோயம்புத்தூர்ல இறங்கலாம், எல்லாம் ஒரே மீட்டர் கேஜ் வண்டியில. அந்த ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்துக்கு நம்ம கொலுவுல கூட இடமில்ல. சாவி கொடுத்தா ஓடுறது ஏதோ ஒரு கௌபாய் படத்துல வர்ற இஞ்சின்!

இதுக்குக் காரணம் ஒண்ணும் ரகசியமில்ல, சின்னக் கணக்குதான். உலகத்துல அதிகம் விக்கிற மாடல் ரயில் எச்.ஓ. அளவு. 87ல ஒரு பங்கு. ஐரோப்பா, அமெரிக்காவுல பாதை அகலம் 1435 மில்லிமீட்டர். 87ஆல வகுத்தா 16.5 மில்லிமீட்டர். அதனால கடையில கிடைக்கிற தண்டவாளம் 16.5. நம்ம பிராட் கேஜ் 1676. அது 19க்கு மேல வருது. நம்ம மீட்டர் கேஜ் 1000. அது பதினொன்னரை மில்லிமீட்டர். ரெண்டுமே அந்தத் தண்டவாளத்துல பொருந்தாது. இந்திய வண்டியோட உடம்பைச் செஞ்சு வெள்ளைக்காரன் சக்கரத்து மேல உக்கார வைக்கிறதுதான் வழக்கம்.

ஆனா இதுல ஒரு வேடிக்கை உண்டு. சுவிட்சர்லாந்துல மலை ரயில்கள் பல மீட்டர் கேஜ். அதுக்காகவே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செஞ்சு விக்கிறாங்க, அவங்க ஊர் வண்டி ஒண்ணு விடாம மாடலாக் கிடைக்குது. நம்ம ஊட்டி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதுக்குப் பல்சக்கர எக்ஸ் வகை நீராவி இஞ்சின்களை முதல்ல செஞ்சு அனுப்பினதே சுவிட்சர்லாந்து விண்டர்தூர் தொழிற்சாலைதான். 12 மில்லிமீட்டர் தண்டவாளம் நமக்கு அப்படியே பொருந்தும். வழி இருக்கு. கை வைக்க ஆள்தான் இல்ல.

ஆளும் இல்லைன்னு சொல்ல முடியுமா? இது திண்டுக்கல்லுங்க! பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. இரும்பையும் பித்தளையையும் அரம் வச்சு ராவி, ஒரு மயிரிழை பிசகினா சாவி திரும்பாதுங்கிற வேலையைத் தலைமுறை தலைமுறையா கையால செஞ்சவங்க ஊர். மாங்காய்ப் பூட்டு செய்யுற கைக்கு ஒரு இணைப்புத் தண்டு செய்யுறது பெரிய காரியமா? அலிகார்ப் பூட்டு வந்து தொழில் நசிஞ்சுபோச்சுன்னு மூக்கால அழறோம். அந்தக் கைக்கு வேற என்ன வேலை கொடுக்கலாம்னு யோசிக்கிறோமா? குட்டி ரயிலால பூட்டுத் தொழில் பிழைச்சிடும்னு நான் சொல்லல. நாலு பட்டறையில நாலு பேருக்கு ஒரு பெருமையான வேலை கிடைக்கும், அவ்வளவுதான்.

செய்யறதுன்னா எதைச் செய்யறது? முழுப் பாதையும் முடியாது. திண்டுக்கல் - பழனி சுமார் 60 கிலோமீட்டர், 87ல ஒரு பங்குன்னாலும் முக்கால் கிலோமீட்டர்க்குக் கிட்ட வந்துடும் :-) அதனால ஒரே ஒரு ஸ்டேஷன், ஒரே ஒரு காலம். என் ஓட்டு தொண்ணூறுகளோட திண்டுக்கல் ஜங்ஷனுக்கு. கரூர்லேருந்து பிராட் கேஜ் எண்பதுகளின் கடைசியில வந்தாச்சு. மீட்டர் கேஜும் இருக்கு. ஒரே ஸ்டேஷன்ல ரெண்டு அகலத் தண்டவாளம். ஒரு பக்கம் பெரிய வண்டி, இன்னொரு பக்கம் ஒய்.டி.எம்.4 டீசல் இஞ்சின் மாட்டின சின்ன வண்டி, பழனிக்கு முடியிறக்கப் போற கூட்டத்தோட. பின்னாடி மலைக்கோட்டை, தள்ளி சிறுமலை. இந்த மேசை முன்னாடி எந்த ஊர்க் குழந்தையும் ஒரு கேள்வி கேட்காமப் போகாது: "இது ஏன் ரெண்டு சைஸ்ல இருக்கு?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சா வெள்ளைக்காரன் கஞ்சத்தனம், பஞ்சம், பருத்தி, விடுதலை, கேஜ் மாற்றம்னு நம்ம சரித்திரமே வந்து நிக்கும்.

அவசரம் எதுக்குன்னா, தெரிஞ்சவங்க போயிட்டிருக்காங்க. பழனிப் பாதையில மீட்டர் கேஜ் நின்னது 2009ல. பிராட் கேஜ் பழனி வரைக்கும் 2012லயும் பொள்ளாச்சி வரைக்கும் 2015லயும் வந்தது. மதுரை - போடிப் பாதையும் 2010 கடைசியில நின்னு, 2023லதான் போடிக்கு முழுசா வண்டி போச்சு. மாத்தினது நல்லதுக்குத்தான், ஒட்டன்சத்திரத்துக்காரர் ஏறின வண்டியிலேயே சென்னை போக முடியுது, அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா நீராவி இஞ்சின்ல கரி அள்ளிப் போட்டவங்களுக்கு இன்னைக்கு எண்பது வயசு கிட்ட. இன்னும் பத்து வருஷம் கழிச்சு அந்த 'நாலு சக்' கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இருக்க மாட்டாங்க. மியூசியத்துல இஞ்சின் நிக்கும். அது எப்படி மூச்சு விட்டுச்சுன்னு சொல்ல வாய் இருக்காது.

அதனால நண்பர்களே, 'முன்ன மாதிரி இல்ல'ன்னு பதிவு போடறதோட நிறுத்திக்காம ஒரு காரியம் செய்வோம். உங்க தெருவுல ரிட்டயர்டு டிரைவரோ ஃபிட்டரோ பாயிண்ட்ஸ்மேனோ இருந்தா ஒரு சாயங்காலம் போய்த் திண்ணையில உக்காருங்க. வீட்டுல பழைய போட்டோ, சிக்னல் விளக்கு, கையால வரைஞ்ச படம் இருந்தா கேமராவுல எடுத்து வைங்க. யாராவது தகரத்துலயோ மரத்துலயோ ஏதாவது செஞ்சு வச்சிருந்தா, எடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளவெடுங்க. பேச்சு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தயக்கமா இருந்தா, "தைப்பூசக் கூட்டத்துல வண்டியை எப்படிய்யா கிளப்புவீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி போடுங்க. அப்புறம் நீங்க எந்திரிக்க ராத்திரி ஆயிடும்.

டிஸ்கி: ரயில்தான்னு இல்லீங்க. உங்க ஊர்ல தறியோ, செக்கோ, கமலையோ, எதுவா இருந்தாலும் இதே கணக்குதான். மேசை மேல வைக்கிற பொருளைக் காசு கொடுத்து வாங்கிடலாம். மேசைக்குப் பின்னாடி நிக்கிற ஆளை வாங்க முடியாது.