வங்கியில் பிடித்த வரி இன்னும் திரும்ப வரவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 57. மணப்பாறை பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. சாலை விரிவாக்கத்துக்கு ஒரு ஏக்கரை எடுத்துக்கொண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அதில் 14 லட்சத்தை வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டேன். 2022-23ஆம் வருடம் 84,000 ரூபாய் வட்டி வந்தது. அதில் 8,400 ரூபாயை டி.டி.எஸ். என்று பிடித்துவிட்டார்கள். 'ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும்' என்று வங்கியில் சொன்னார்கள். 2023 ஜூலை மாதம் பிரவுசிங் சென்டர் தம்பியிடம் 600 ரூபாய் கொடுத்து ரிட்டர்ன் போட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் பணம் வரவில்லை. இப்போது ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? அந்தப் பணம் வந்தால் கடலை விதைக்கு ஆகும்.

பதில்: கொடுக்க வேண்டாம். முதலில் பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்போம்.

இந்தப் பக்கம் பயிர்க் கேள்விகளுக்கானதுதான். ஆனால் நிலம் கொடுத்த இழப்பீட்டையும் மாடு விற்ற பணத்தையும் வங்கியில் போட்டவர்களிடமிருந்து இதே கேள்வி தொடர்ந்து வருகிறது. எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையிலிருந்து வாய்க்காலோடு நடப்போம். எங்கே உடைத்துக்கொண்டிருக்கிறது, எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம். ரீஃபண்டுக்கும் அப்படித்தான். 'கவர்மெண்ட் பணம், மெதுவாகத்தான் வரும்' என்று காத்திருப்பதில் பயனில்லை. பெங்களூரில் உள்ள மத்திய செயலாக்க மையத்தில் கம்ப்யூட்டர்தான் பெரும்பாலான ரிட்டர்ன்களைப் பார்க்கிறது. 2023 ஜூலையில் போட்ட ரிட்டர்னை முடித்து அறிவிப்பு அனுப்ப 2024 டிசம்பர் 31 வரைதான் அவர்களுக்குக் கெடு. அதைத் தாண்டியும் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

கடிதத்தில் எண் இருந்ததால் வாசகருக்குப் போன் செய்தேன். மகன் ஊருக்கு வந்திருந்தார். "தம்பி, வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் அப்பாவின் பான் எண்ணைப் போட்டு உள்ளே போங்கள்" என்றேன். பாஸ்வேர்ட் தெரியவில்லை. மறந்த பாஸ்வேர்டை ஆதார் ஓ.டி.பி. மூலம் மாற்றலாம், அப்பாவின் ஆதாரோடு அவருடைய மொபைல் எண் இணைந்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், தொடர்பு மொபைலும் மின்னஞ்சலும் பிரவுசிங் சென்டருடையவை! இரண்டு ஆண்டுகளாகத் துறை அனுப்பிய எல்லா அறிவிப்பும் அந்தக் கடைக்குப் போயிருக்கிறது. அந்தத் தம்பி மேல் குற்றமில்லை. நாள் ஒன்றுக்கு எத்தனையோ பேருக்குப் போடுகிறவர் எதைப் பார்ப்பார்? ஆனால் இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். ப்ரொஃபைல் பகுதியில் உங்கள் வீட்டு எண்ணைப் போடுங்கள். மின்னஞ்சல் இல்லாவிட்டால் பிள்ளைகளுடையது போதும்.

அடுத்து, போட்ட ரிட்டர்ன்களின் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அங்கே ஒவ்வொரு வருடத்துக்கும் நேராக நிலை எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே எங்கே அடைப்பு என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும்.

'பெண்டிங் ஃபார் இ-வெரிஃபிகேஷன்' என்று இருந்தால், ரிட்டர்ன் போட்டதாகவே கணக்கில்லை. போட்ட பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. கொடுத்து உறுதி செய்ய வேண்டும், அல்லது ஐ.டி.ஆர்.-வி என்ற ஒற்றைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். ஓ.டி.பி. வரும்போது வாசகர் வயலில் இருப்பார், கடைக்காரர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கையில் அக்னாலெட்ஜ்மெண்ட் தாள் இருப்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். இப்படி விட்டவர்கள் தாமதத்தை மன்னிக்கும்படி அதே தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

'ரீஃபண்ட் அட்ஜஸ்டட்' என்று இருந்தால், பழைய வருடத்தில் ஏதோ பாக்கி இருப்பதாகச் சொல்லி அதில் கழித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். கழிக்கும் முன் நோட்டீஸ் அனுப்பிப் பதில் சொல்ல அவகாசம் கொடுப்பார்கள். அந்தப் பாக்கியே தவறு என்றால் அப்போதே மறுக்க வேண்டும். நோட்டீஸ் கடைக்காரர் மின்னஞ்சலுக்குப் போனால் யார் மறுப்பது?

நம் வாசகர் திரையில் இருந்தது 'ரீஃபண்ட் ஃபெயில்டு'. அதாவது 8,400 ரூபாய் சரி என்று துறை ஒப்புக்கொண்டு அனுப்பியும் விட்டது. கணக்கில் ஏறவில்லை, திரும்பிவிட்டது. அவருக்குத் தெரியாமலே பணம் வீட்டு வாசல் வரை வந்து போயிருக்கிறது!

காரணத்தைக் கேட்டால் உங்களில் பாதிப் பேர் பாஸ்புக்கை எடுத்துப் பார்ப்பீர்கள். இனிஷியல்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். பான் அட்டையில் இனிஷியல் மட்டும் போட முடியாது என்பதால் அப்பா பெயரை முழுதாக நீட்டிவிடுவார்கள். தசரதன் மகன் ராமன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்புக்கில் டி. ராமன், பான் அட்டையில் ராமன் தசரதன், ஆதாரில் வெறும் ராமன். ஊருக்கு மூவரும் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். நம் வாசகருக்கு இதோடு எழுத்து வித்தியாசமும் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஒரு எழுத்து கூடுதல். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் இடத்தில் 'பெயர் பொருந்தவில்லை' என்று நிற்கிறது.

ஆதாரும் பானும் ஒத்துப்போனால், வங்கிப் பெயரை அவற்றுக்கு ஏற்றபடி மாற்றுவதே சுலபம். இரண்டு அட்டைகளின் நகலோடு கிளையில் ஒரு கடிதம், கே.ஒய்.சி. படிவம் கொடுத்தால் போதும். பானும் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கையோடு கேளுங்கள். ஆதாரும் பானுமே வேறு வேறாக இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். இரண்டும் இணையாவிட்டால் 2023 ஜூலை 1 முதல் அந்தப் பான் செயலற்றது. செயலற்ற பானுக்கு ரீஃபண்டும் கிடையாது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. போதாததற்கு வங்கி 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்கும். பலருக்கு 1,000 ரூபாய் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.

கணக்கு பற்றி இன்னும் சில. கூட்டுறவுக் கடன் சங்கத்துச் சேமிப்புப் புத்தக எண்ணையும், நகைக்கடன் கணக்கு எண்ணையும் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது ஆகாது. இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கும் சிக்கல் தரும். வங்கி இணைப்பையும் மறக்க வேண்டாம். பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாடு கிராம வங்கியாகச் சேர்ந்தன. 2020 ஏப்ரலில் சிண்டிகேட், ஆந்திரா, அலகாபாத் வங்கிகள் வேறு வங்கிகளோடு சேர்ந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து ஐ.எஃப்.எஸ்.சி. எண் எழுதினால் பணம் எங்கே போகும்? கிளையில் புதிய எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

வங்கியில் பெயர் மாறிய பிறகு இ-ஃபைலிங் தளத்தில் அந்தக் கணக்கை முன்கூட்டியே சரிபார்த்து, ரீஃபண்டுக்கு உரியது என்று குறிக்க வேண்டும். பிறகு சர்வீசஸ் பகுதியில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' என்று இருப்பதில் வருடத்தையும் கணக்கையும் தேர்ந்து, ஓ.டி.பி. போட்டால் மறுபடி அனுப்பும் கோரிக்கை பதிவாகிவிடும். கட்டணம் இல்லை. 3,000 ரூபாய் கேட்டவர் செய்யப்போவதும் இதைத்தான். கோரிக்கை போட்டும் அசையவில்லை என்றால் தளத்திலேயே குறை பதியலாம், அல்லது 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். அருகில் உள்ள வருமான வரி அலுவலகத்தில் ஆய்கர் சேவா மையம் இருந்தால் நேரில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு வட்டி உண்டா என்று மகன் கேட்டார். உண்டு, மாதம் அரை சதவீதம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் கணக்கு. 8,400 ரூபாய்க்கு மாதம் 42 ரூபாய். ஆனால் நம் பக்கத்துத் தவறால் தாமதமான காலத்துக்குத் தர மாட்டார்கள். பெயர் பொருந்தாமல் நின்ற மாதங்களுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

ரிட்டர்னைப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. விவசாய வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது, அதனால் காட்ட வேண்டாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். வரி கிடையாது என்பது சரி, காட்ட வேண்டாம் என்பது தவறு. வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்.-1 படிவமே போடக்கூடாது, ஐ.டி.ஆர்.-2 போட வேண்டும். விற்பனைச் சீட்டு, உரக்கடை பில், சிட்டா, அடங்கல் நகலை ஒரு பையில் போட்டு வையுங்கள். இனி வரும் வருடங்களிலாவது சரியாகப் போடச் சொன்னேன்.

ரிட்டர்னே போடாமல் விட்ட பழைய வருடங்களுக்கு வழி இருக்கிறதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். திருத்திய ரிட்டர்ன் என்று இப்போது பேசப்படும் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' மூலம் ரீஃபண்ட் கேட்க முடியாது. யாராவது அப்படிப் போட்டுத் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். உரிய ஆணையரிடம் தாமத மன்னிப்புக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரைதான் கேட்கலாம். 2019-20இல் பிடித்த வரிக்கு 2026 மார்ச் 31 கடைசி. ஏன் தாமதம் என்பதற்குச் சான்று வேண்டும்: மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்று போன்றவை. இதற்கு மட்டும் ஆடிட்டருக்குக் கூலி கொடுப்பது நியாயம்தான்.

துறையூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி, இறந்துபோன கணவரின் ரீஃபண்டைக் கேட்டு எழுதியிருந்தார். கணவர் பெயரில் உள்ள கணக்கு முடங்கிவிட்டதாம். அம்மா, நீங்கள் உங்கள் பானில் உள்ளே போய்ச் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, இருவரின் பான் நகல் போதும். ஒப்புதல் வந்தபின் உங்கள் கணக்குக்கே பணம் கேட்கலாம்.

'உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பைத் தொடுங்கள்' என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். துறை போனில் ஓ.டி.பி.யோ ஏ.டி.எம். எண்ணோ கேட்காது.

வரும் வருடங்களில் இந்த அலைச்சலே வேண்டாம் என்றால், வருமானம் வரி வரம்புக்குள் இருக்கிறவர்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே 15ஜி படிவத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள். 60 வயது ஆனவர்களுக்கு 15எச். டெபாசிட் உள்ள ஒவ்வொரு வங்கியிலும், ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல், வங்கி வட்டி வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வரி பிடிப்பார்கள். மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது, அதனால் படிவத்தின் எண் என்ன என்று அப்போது கிளையில் கேட்டு வாங்குங்கள்.

மணப்பாறை வாசகர் பெயர் மாற்றக் கடிதம் கொடுத்த ஆறாம் நாள் கணக்குச் சரியானது. மகன் அன்றிரவே ரீஇஷ்யூ கோரிக்கை போட்டுவிட்டார். இதை எழுதும்போது திரையில் 'சப்மிட்டட்' என்றுதான் இருக்கிறதாம். விதைக்கடலையைப் பக்கத்து வீட்டில் கடனாகக் கேட்டு வைத்திருக்கிறார்.