ஆயில் மாத்துறதுக்கும் லேப்டாப் வேணுமா?

வண்டி நம்மளோடது. ஆர்.சி. புக்குல நம்ம பேரு. டியூ கட்டுறதும் நாமதான். ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு கேட்டா மட்டும் "சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க சார்". இப்போ வர்ற டூரிங் பைக்குகள் மேல எனக்கு இருக்கிற கோபமெல்லாம் இந்த ஒரு பதில்லயே அடங்கிடும். இருந்தாலும் கொஞ்சம் விரிவாவே புலம்பிக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே :-)

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா"ன்னு பெருமூச்சு விடற கோஷ்டி இல்ல நான். கார்புரேட்டர் வண்டியில லடாக் ஏறினவங்களுக்குத் தெரியும். மேல போகப் போக காத்து மெலிசாகி, பெட்ரோல் அதிகமாகி, கறுப்புப் புகையைக் கக்கிக்கிட்டு வண்டி நமக்கு மேல மூச்சு வாங்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில காத்தழுத்தத்தைப் பார்த்து கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைச்சுக்குது. நாம டீயைக் குடிச்சிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்தது. அதுக்கப்புறம் புது வண்டிகள்ல கார்புரேட்டர் அநேகமா ஒழிஞ்சே போச்சு. போகட்டும், எனக்கு அதுல வருத்தமே இல்ல.

வண்டி கெட்டுப் போச்சுன்னா சர்வீஸ் சென்டருக்குப் போகலாம், நியாயம். கெடாத வண்டியோட சாதாரணப் பராமரிப்புக்கே நம்மளைக் கிட்ட விடமாட்டேங்கிறாங்களே, அதுதான் வயித்தெரிச்சல்.

டேப்பட்டையே எடுத்துக்குவோம். 2016-ல வந்த பழைய ஹிமாலயன், அந்த 411 சிசி வண்டி. இன்ஜின் நல்லா ஆறினதும் மூடியைக் கழட்டி, ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை லேசா திருகி இறுக்கினா வேலை முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கை கழுவிடலாம்.

இப்போ கேடிஎம் 390 அட்வென்ச்சர் மாதிரி ரெண்டு கேம்ஷாஃப்ட், நாலு வால்வு வண்டிக்கு வாங்க. இங்க ஸ்க்ரூவே கிடையாது. ஷிம்னு ஒரு குட்டி இரும்பு வில்லை, அதோட கனம்தான் இடைவெளியைத் தீர்மானிக்குது. இடைவெளி சரியில்லைன்னா கேம்ஷாஃப்டையே வெளியில எடுக்கணும். வில்லையை மைக்ரோமீட்டர்ல அளந்து, கணக்குப் போட்டு, வேணுங்கிற கனத்துல வேற வாங்கிப் போடணும். திரும்ப மாட்டும்போது டைமிங் செயின்ல ஒரு பல் தள்ளிப் போச்சுன்னா வால்வு போய் பிஸ்டன்ல முட்டும். அப்புறம் செலவைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. இவ்வளவையும் செய்யறதுக்கு முன்னாடி டேங்க், ஓரத்துப் பிளாஸ்டிக் எல்லாத்தையும் உரிக்கணும். அதுல மூணு கிளிப்பாவது உடையும், எழுதி வெச்சுக்கோங்க.

இதைக்கூட நான் மன்னிச்சிடுவேன். அதிக வேகத்துல சுத்துற இன்ஜினுக்கு அந்த அமைப்பு தேவை. அது எந்திரத்தோட நியாயம். ஆனா சர்வீஸ் லைட்டுன்னு ஒண்ணு இருக்கே, அதுல என்ன எந்திர நியாயம்? ஆயிலை நானே மாத்தினேன். நல்ல ஆயில், புது ஃபில்டர், புது வாஷர். மீட்டர்ல அந்த விளக்கு மட்டும் அணையவே மாட்டேங்குது. ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஒரு வயரைச் சொருகி, ரெண்டு பட்டனைத் தட்டி, 500 ரூபாய் பில்லு போட்டுட்டாங்க. ரெண்டு நிமிஷ வேலை. ஆயில் மாத்தினது நான், மாத்தினதா வண்டிகிட்ட சொல்ற உரிமை அவங்களுக்கு!

பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே கூத்துதான். அவங்களுக்குன்னு தென்னாப்பிரிக்காவுல இருக்கிற ஒரு கம்பெனி ஜிஎஸ்-911-ன்னு ஒரு கருவியே செஞ்சு வித்துக்கிட்டிருக்கு. கோளாறைப் படிக்கும், சர்வீஸ் லைட்டையும் அணைக்கும். கம்பெனி கொடுக்காததை வெளியாள் செஞ்சு விக்கிறான், உலகம் பூரா வாங்குறாங்கன்னா தேவை எவ்வளவுன்னு பார்த்துக்குங்க.

எங்க தெருமுனையில மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஆர்எக்ஸ் 100 சத்தத்தைக் கேட்டே என்ன குறைன்னு சொல்ற ஆளு. என் வண்டியைப் பார்த்துட்டு, "தம்பி, இதுல கை வெச்சா ஏதாவது லைட்டு எரியும். எரிஞ்சா அணைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல"ன்னார். இப்போ அவர்கிட்ட பஞ்சர், செயின், பிரேக் ஷூ வேலைதான் வருது. முப்பது வருஷத் தொழில் தெரிஞ்ச மனுசன். அவருக்கு மூளையில்லாம போகல, மேனுவலும் வயரும் கிடைக்காமப் போச்சு. என் 500 ரூபாயை விட இதுதான் எனக்குப் பெரிய விஷயமா படுது.

"வெளியில கை வெச்சா வாரன்டி போயிடும்"னு ஒரு பூச்சாண்டி வேற. அமெரிக்காவுல வெளியாள் ரிப்பேர், வெளிப் பார்ட்ஸுக்கு வாரன்டி நிபந்தனையில முட்டுக்கட்டை போட்டதுக்காக 2022 ஜூன்ல ஹார்லி-டேவிட்சன் மேலயே அங்க இருக்கிற வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்துச்சு. அந்த நிபந்தனையைத் தூக்கச் சொன்னாங்க. அவங்களுக்கு 1975-லயே வாரன்டி சட்டம் இருக்கு. நம்மூர்லயும் 2022 டிசம்பர்ல நுகர்வோர் துறை 'ரிப்பேர் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் திறந்தாங்க, வாகனத்தையும் அதுல சேர்த்திருக்காங்க. நல்ல ஆரம்பம்தான். ஆனா கம்பெனி இஷ்டப்பட்டுக் கொடுக்கிறதை எடுத்து வைக்கிற அலமாரியா அது இருந்தா பத்தாது. முழு சர்வீஸ் மேனுவலையும் விளக்கணைக்கிற வழியையும் வண்டி வாங்கினவனுக்குக் கொடுத்தே ஆகணும்னு சட்டம் வேணும். காசுக்குக் கொடுத்தாக்கூட சரி, வாங்கிக்கிறேன்.

அதுவரைக்கும் ஊர் சுத்தற நம்மளுக்கு ரெண்டு விஷயம். வண்டி கீழ விழுந்து எழுப்பினதும் ஸ்டார்ட் ஆகலைன்னா பதறாதீங்க. சாய்வு சென்சார் இன்ஜினை நிறுத்தியிருக்கும். பல வண்டிகள்ல சாவியை ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணினா சரியாயிடும் (அதுக்கு முன்னாடி பெட்ரோல் ஒழுகுதான்னு பாத்துக்குங்க). நியூட்ரல்ல ஓடி, கியர் போட்டதும் அணையுதுன்னா முதல்ல சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்ல சேறு இருக்கான்னு பாருங்க. அப்புறம் பேட்டரி. கிக்கர் கிடையாது, பேட்டரி சுத்தமா செத்துட்டா பெட்ரோல் பம்ப்பே ஓடாது, தள்ளி ஸ்டார்ட் பண்றதும் அநேகமா நடக்காது. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசியில நடுவுல நின்னா யாரும் லேப்டாப்போட வரமாட்டாங்க.

அடுத்த வாரம் ஷிம் தேடி ஜி.பி. ரோட்டுக்குப் போறேன். முழு செட்டா இல்லாம சில்லறையா கொடுக்கிற கடை தெரிஞ்சவங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா.