பெட்டியில் 3200, திரையில் 2133: குறை யாருடையது?

"மெமரி பெட்டியில் 3200 என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரோ 2133 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார், மெமரியும் பழுதாகியிருக்காது. குறை அந்தப் பெட்டியில்தான் என்பது என் கருத்து.

மெமரியின் வேக விவரங்கள் அதிலேயே உள்ள ஒரு சிறிய சிப்பில் பதியப்பட்டிருக்கும். முதன்முதலாக ஆன் செய்யும்போது, ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த பாதுகாப்பான வேகத்தையே மதர்போர்டு எடுத்துக்கொள்ளும். பல டிடிஆர்4 மெமரிகளில் அது 2133 அல்லது 2400. பெட்டியில் உள்ள பெரிய எண் வேண்டுமானால், பயாஸுக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வசதியை நாமே இயக்க வேண்டும். இன்டெலும் ஏஎம்டியும் இதை ஓவர்கிளாக்கிங் என்றே கருதுகின்றன. அப்படியானால் இரண்டு எண்களையும் பெட்டியின் மேல் ஒரே அளவில் அச்சிடுவதுதானே நியாயம்?

உங்கள் மெமரியின் வேகத்தை அறிய கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரியைக் கிளிக் செய்தால் ஸ்பீட் தெரியும். சிபியு-இசட் புரோகிராம் 1600 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். டிடிஆர் மெமரி ஒரு கிளாக் துடிப்புக்கு இருமுறை தகவல் அனுப்புவதால், அது 3200தான்.

பெரிய எண்ணுக்குக் கூடுதல் பணம் தருமுன் யோசியுங்கள். எச்410 மதர்போர்டில் கோர் ஐ5 10400 பிராசசர் இருந்தால் 2666தான் உச்சம். 3200 மெமரி போட்டாலும் பயனில்லை. வேகம் வேறுபட்ட இரண்டு மெமரிகளைச் சேர்த்துப் போட்டால், இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். கடிதம் டைப் செய்யவும் இன்டர்நெட் பார்க்கவும் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம்ஸ் விளையாடுபவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எக்ஸ்எம்பியை இயக்கிய பின் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனால், தயங்காமல் பழைய வேகத்துக்கே திரும்புங்கள். நீங்கள் சேமித்து வைத்திருக்கும் ஃபைல்களைவிட வேகம் பெரிதல்ல.

அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பில் போடுமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வாடிக்கையாளருக்கு அந்த எண்ணைக் காட்டுங்கள். ஒரு நிமிட வேலைதான். வீண் சந்தேகம் வராது. அவர்கள் காட்டாவிட்டால், வாசகர்களே, நீங்கள் கேளுங்கள். பணம் உங்களுடையது.