மேல்தளமும் கீழ்த்தளமும்

பெங்களூர்த் தமிழர் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. மகன் டெக்சாசில், மகள் நியூஜெர்சியில். பெற்றோர் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். போன இடத்தில் மயாமித் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று, கரீபியன் கடலில் ஒரு வாரம் உல்லாசக் கப்பலில் சுற்றிக் காட்டுவது பிள்ளைகளின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

போகட்டும். எச்.ஏ.எல்.லிலும் ஐ.டி.ஐ.யிலும் பின்னி மில்லிலும் சங்கு ஊதும் முன்னே ஓடிய கால்கள் ஒரு வாரம் கடற்காற்றில் நீட்டிக் கிடந்தால் நமக்கென்ன வயிற்றெரிச்சல்? உழைத்தவனுக்கு ஓய்வு உரிமை. அதை மறுக்க நாம் யார்?

நம் சண்டை பயணத்தோடு அல்ல. பயணத்துக்கு முன் காதில் ஓதப்படும் அறிவுரையோடு. டிராவல்ஸ்காரர் சொல்கிறார், போய்வந்த பக்கத்து வீட்டார் சொல்கிறார், விளம்பரத் தாள் சொல்கிறது. மூன்று மந்திரங்கள்தாம். ஒன்று: கணக்கில் சேர்த்திருக்கும் டிப்ஸ் தொகையை நீக்கச் சொல்லுங்கள், பணம் மிச்சம். இரண்டு: தீவுகளில் பார்க்க ஒன்றுமில்லை, கம்பெனியின் சொந்தக் கடற்கரையே போதும். மூன்று: உள்ளூர்க்காரனை நம்பாதீர்கள். இந்த மூன்றையும் நாம் எதிர்க்கிறோம். ஏன் என்று சொல்கிறோம், பொறுமையாகப் படியுங்கள்.

யாருடைய காசு மிச்சம்?

கரீபியன் கடலில் ஓடும் பெரிய கப்பல்களில் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை சேவைத் தொகை என்று தானாகவே கணக்கில் ஏறும். நாலு பேர் கொண்ட குடும்பம், ஏழு நாள், தலைக்கு 18 டாலர் என்றால் 504 டாலர். கப்பலில் உள்ள பயணிகள் சேவை மேசைக்குப் போய்ச் சொன்னால் பல கம்பெனிகள் இதைக் குறைத்துவிடும், நீக்கியும் விடும். இதைத்தான் நம்மவர் பெரிய சாமர்த்தியமாக ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.

அந்த 504 டாலர் யாருடையது? படுக்கை விரிப்பவர், கழிவறை கழுவுபவர், தட்டு எடுப்பவர், பரிமாறுபவர் ஆகியோர் பங்கிட்டுக்கொள்ளும் பணம் அது. பல கம்பெனிகளில் இவர்கள் வருமானத்தின் பெரும்பகுதியே இதுதான். கூலியைக் கம்பெனியே முழுமையாகக் கொடுக்க வேண்டாமா என்று கேட்டால், கொடுக்கத்தான் வேண்டும். முதலாளி தர வேண்டிய கூலியைப் பயணியின் தலையில் கட்டியது அயோக்கியத்தனம்தான். ஆனால் அந்தக் கோபத்தை நீங்கள் தீர்த்துக்கொள்வது யாரிடம்? மயாமியில் குளிர்சாதன அறையில் இருக்கும் முதலாளியிடமா? அவர் சல்லிக்காசு இழப்பதில்லை. இழப்பவர் உங்கள் அறையை நாள்தோறும் துடைத்தவர்.

இதே மனிதர் கப்பலின் சூதாட்டக் கூடத்தில் 200 டாலரைத் தொலைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். மதுவின் விலையோடு ஒட்டிவரும் சேவைக் கட்டணத்தை வாய் திறக்காமல் கட்டுவார். கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளமென்றால் மூடிக்கொள்ளுமாம். நம்மவர் சிக்கனமும் அந்த ரகம்தான்.

கீழ்த்தளத்தில் இருப்பவர் யார் என்று அறிய வேண்டுமா? 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் கொரோனாவால் முடக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? அதில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் இந்தியர் 138. இந்த 138 பேரில் பயணிகள் எத்தனை? ஆறு. மீதி 132 பேரும் வேலைக்காரர்கள்! பயணிகள் அறைக்குள் பூட்டிக்கொண்டு இருந்தபோது, கதவு கதவாகச் சோறு கொண்டுபோய் வைத்தவர்கள் பணியாளர்கள். வேலை முடிந்ததும் அவர்கள் திரும்பியது, சக தொழிலாளியோடு பங்கிட்டுக்கொண்ட சிறிய அறைக்கு. உல்லாசக் கப்பலில் இந்தியனின் இடம் எது என்பதற்கு இதைவிட என்ன புள்ளிவிவரம் வேண்டும்?

கப்பல் தொழிலாளருக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் ஏற்றது. அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பாருங்கள்: நாளுக்குக் குறைந்தது 10 மணி, வாரத்துக்குக் குறைந்தது 77 மணி ஓய்வு. அதாவது ஒரு நாளில் 14 மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்ட மீறல் இல்லை! எட்டு மணி நேர வேலைக்காக நம் பாட்டனார் கொடி பிடித்தார்கள். கடலில் இன்னும் அந்தக் கொடி ஏறவில்லை. கப்பலின் கொடி வேறு. தலைமை அலுவலகம் மயாமியில், கொடியோ பஹாமாசுடையது, பனாமாவுடையது. வரியும் சட்டமும் எங்கே இலகுவோ அங்கே பதிவு.

வேலி போட்ட கடற்கரை

இரண்டாவது மந்திரத்துக்கு வருவோம். கம்பெனிகள் பஹாமாசில் குட்டித் தீவுகளை விலைக்கோ குத்தகைக்கோ எடுத்துச் சொந்தக் கடற்கரை ஆக்கியிருக்கின்றன. கப்பலில் விட்ட காசு போக மிச்சத்தையும் அங்கே விடலாம். கடைக்கு வந்தவன் வாசலைத் தாண்டினாலும் முதலாளியின் முற்றத்திலேயே நிற்கும்படியான ஏற்பாடு!

ஹைட்டியில் லபாடி என்றொரு இடம். 1986 முதல் ராயல் கரீபியன் கம்பெனியின் குத்தகைக் கடற்கரை. சுற்றிலும் வேலி, காவல். 2010 ஜனவரி 12-இல் ஹைட்டியைப் பூகம்பம் தாக்கியது. தலைநகரம் தரைமட்டமாயிற்று. மூன்றாம் நாள், ஜனவரி 15-இல், உல்லாசக் கப்பல் லபாடியில் வந்து நின்றது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தோம் என்று கம்பெனி சொன்னது, கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அதே நாட்டில் இடிபாட்டில் பிணங்கள் கிடந்த வேளையில், வேலிக்கு இந்தப் பக்கம் பயணிகள் நீந்திக் குளித்து விருந்துண்டதும் உண்மையே. சில பயணிகள் மனம் ஒப்பாமல் கப்பலை விட்டு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

"பார்க்க ஒன்றுமில்லை" என்பது யார் சொல்? வேலி போட்டவன் சொல். அதை நாமும் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொல்வதா?

கரையில் நிற்பவர் யார்?

மூன்றாவது மந்திரம்தான் நம் நெஞ்சைச் சுடுகிறது. உள்ளூர்க்காரனை நம்பாதே! அந்த உள்ளூர்க்காரன் யாரென்று தெரியுமா?

பிரெஞ்சுக்காரர் 1848-இல் அடிமை முறையை ஒழித்தனர். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று ரேகை வாங்கினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் நம்மவர் 300 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு மார்ட்டினிக் தீவின் சேன் பியேர் துறையில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கு அடுத்த கூட்டத்தைக் கொண்டுசென்றது. 1880-களில் இது நிற்பதற்குள் மார்ட்டினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர் போய்ச் சேர்ந்தனர், பெரும்பகுதியினர் தென்னாட்டினர். ஆங்கிலேயரும் சளைக்கவில்லை. 1861 ஜூன் 1-இல் செயின்ட் வின்சென்ட் தீவில் வந்து நின்ற முதல் இந்தியக் கூலிக் கப்பலின் பெயர் 'டிராவன்கூர்'. புறப்பட்ட துறை மதராஸ்.

அவர்கள் பிள்ளைகள் இன்று தமிழ் பேசுவதில்லை. பேச விடப்படவில்லை. "கூலி" என்ற சொல்லே அங்கே வசைச்சொல் ஆயிற்று. ஆனால் மார்ட்டினிக்கில் இன்றும் "மாலியேமின்" என்றொரு தெய்வம் உண்டு. யார் தெரிகிறதா? நம் மாரியம்மன்! "மால்தேவிதான்"? நம் மதுரைவீரன்! குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில், ஷாஞ்சி என்ற பகுதியில் கோபுரக் கோயில் நிற்கிறது. இரு தீவிலும் வீட்டுக்கு வீடு "கொலம்போ" என்று ஒரு கறி வைக்கிறார்கள். நம் குழம்புதான் அப்படித் திரிந்தது என்பர். துறைமுகக் கடையில் நினைவுப் பொருளாக வாங்கி வருகிறீர்களே கட்டம் போட்ட துணி, அதை அவர்கள் அழைக்கும் பெயர் "மத்ராஸ்". தீவுப் பெண்களின் மரபு உடைத் துணி அது. நம் துணியை டாலர் கொடுத்து வாங்குகிறோம். நம் ஆளைக் கண்டால் பர்சைப் பொத்திக்கொள்கிறோம்!

கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரின் மகன். இந்திய வம்சத்தாருக்கு ஓட்டு இல்லை, அவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள் அல்லர் என்று காலனி அதிகாரிகள் சொன்னபோது 1904-இல் வழக்குத் தொடுத்தார். ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடம் அல்ல, 1923 வரை 19 ஆண்டுகள் போராடிக் குடியுரிமையையும் வாக்குரிமையையும் நிலைநாட்டினார்.

பெங்களூர்த் தமிழர்களே, இந்தக் கதை உங்களுக்குப் புதிதா? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து, பூமிக்கடியில் நுரையீரலைத் தொலைத்து, 2001-இல் சுரங்கத்தைப் பூட்டியபோது கைவிடப்பட்டவர்கள் நம் உறவினர் அல்லவா? "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி 1991 டிசம்பரில் எப்படி ஒலித்தது என்பதை அல்சூரும் ஸ்ரீராமபுரமும் மறந்துவிட்டனவா? அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறக்க 2009 வரை 18 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நாம். 19 ஆண்டுகள் வழக்காடிய சிதம்பரத்தின் ஊருக்குப் பக்கத்தில் இறங்கி, "பார்க்க ஒன்றுமில்லை" என்று கப்பலிலேயே படுத்துக்கொள்வது நமக்கு அழகா?

"சுற்றுலாவிலுமா அரசியல்?"

இப்படிக் கேட்கும் நண்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. ஒரு வாரம் நிம்மதியாக இருக்க விட மாட்டீர்களா என்கிறார்கள். ஐயா, அரசியலை நாம் கப்பலில் ஏற்றவில்லை. எந்த நாட்டான் எந்தத் தளத்தில் படுக்கிறான் என்று தீர்மானித்தவன் ஏற்றினான். மேல்தளத்துச் சீட்டு கையில் வந்தவுடன் கீழ்த்தளம் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் அரசியல். நேற்று வரை கூலி உயர்வு கேட்டுக் கதவடைப்பைத் தாங்கிய குடும்பம், இன்று ஒரு தொழிலாளியின் கூலியை வெட்டுவதைச் சாமர்த்தியம் என்கிறதே, அதைவிடப் பெரிய அரசியல் எது?

ஆகவே, நாமும் அறிவுரை சொல்கிறோம்

சேவைத் தொகையில் கை வைக்காதீர்கள். அது கட்டுபடியாகாது என்றால் பயணமே கட்டுபடியாகாது என்று கொள்ளுங்கள். அறையைத் துடைப்பவரின் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். பயணம் முடிந்து கம்பெனி கருத்துக் கேட்கும்போது அந்தப் பெயரைக் குறித்துப் பாராட்டுங்கள். அது அவர்களுக்கு அடுத்த ஒப்பந்தத்தில் உதவும். கூலியை டிப்ஸில் தள்ளாதே, சம்பளமாகக் கொடு என்றும் அதே தாளில் எழுதுங்கள்.

பயணம் பதியும்போதே எந்தெந்தத் தீவில் கப்பல் நிற்கிறது என்று பாருங்கள். போர்-தெ-பிரான்சோ புவான்-தா-பித்ரோ கிங்ஸ்டவுனோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா விதி தீவுக்குத் தீவு வேறு. பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெளியுங்கள்.

கம்பெனியின் கரைச் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியே போனால் காத்திருக்காது. இது உண்மை. இந்த ஒரு பயத்தை வைத்தே பெரும் வியாபாரம் நடக்கிறது. விடை எளிது: உள்ளூர் டாக்சிக்காரரிடம் வாடகையை முதலிலேயே பேசி முடியுங்கள், கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றுதானா என்று பாருங்கள், இரண்டு மணி நேரம் முன்னதாகவே திரும்புங்கள். புவான்-தா-பித்ரிலிருந்து கப்பெஸ்தேர் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தொலைவு. கோயில் பூட்டிக் கிடந்தாலும் வாசலில் நின்று வாருங்கள். காசும் தீவுக்காரர் கையில் நேரே சேரும்.

கப்பல் வேலைக்குப் போக விரும்பும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வேலை வாங்கித் தருவதாக லட்சங்கள் கேட்பவன் கங்காணியின் பேரன். வேலைக்கு அமர்த்தக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்த உடன்படிக்கையின் விதி. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம் ஆகிய செலவுகளே தொழிலாளியுடையவை. விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

தோழர்களே! 170 ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டு அந்தக் கடலைக் கடந்தார்கள். இன்று நம்மில் சிலர் மேல்தளத்தில் நின்று கடக்கிறோம். நம் பிள்ளைகளில் பலர் இன்னும் கீழ்த்தளத்திலேயே வேலை செய்கிறார்கள். ஏணியில் ஏறியவன் ஏணியை எட்டி உதைக்கலாமா? போய் வாருங்கள். ஆனால் முதலாளியின் விருந்தாளியாகப் போகாதீர்கள். தொழிலாளியின் உறவினராகப் போய் வாருங்கள்!