குழந்தைக்குத் துக்கம் தெரியாதா?

வீட்டில் ஒரு சாவு விழுகிறது. பெரியவர்கள் கூடி அழுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையை மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி விடுகிறோம். "அப்பா எங்கே?" என்று கேட்டால், "ஊருக்குப் போயிருக்கிறார்" என்கிறோம். "சாமியிடம் போய்விட்டார்" என்கிறோம். இரண்டு நாளில் பிள்ளை கேட்பதை நிறுத்தி விடுகிறது. மறந்து விட்டது என்று நாம் நிம்மதி அடைகிறோம்.

பிள்ளை மறக்கவில்லை. கேட்டால் அம்மா அழுவாள் என்று தெரிந்து கொண்டது. அதனால் வாயை மூடிக் கொண்டது.

ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே தறி என்பது ஒருவர் வேலை அல்ல, குடும்பத்தின் வேலை. ஒருவர் நெய்வார், ஒருவர் தார் சுற்றுவார், ஒருவர் இழை எடுத்துக் கொடுப்பார். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் போய்விட்டால், தறியில் சேலை பாதியில் நிற்கும். வாங்கிய முன்பணம் நிற்கும். பெரியவர்களுக்கு அழக்கூட நேரம் இராது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுவது யார்?

ஒரு நல்ல கதைப் புத்தகம் பேசும்.

துர்காவின் சேலை

வங்காளத்தில் விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1929-ல் 'பதேர் பாஞ்சாலி' என்ற நாவலை வெளியிட்டார். அபு என்ற சிறுவன். அவனுடைய அக்காள் துர்கா. ஏழைக் குடும்பம். துர்கா காய்ச்சலில் இறந்து போகிறாள். இந்த நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கியும் வெளியிட்டார்கள். அதற்குப் படம் வரைந்தவர் இளைஞர் சத்யஜித் ராய். அவரே 1955-ல் இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தார்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. பிழைப்புத் தேடி வெளியூர் போன தகப்பனார் திரும்பி வருகிறார். மகள் இறந்தது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். "இது துர்காவுக்கு" என்று ஒரு சேலையை நீட்டுகிறார். தாய் அதை முகத்தில் புதைத்துக் கொண்டு கதறுகிறாள். சேலை நெய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பித் தர முடியாத புத்தகம்

ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி என்ற பெண்மணி தம் பள்ளி நாட்களை 1981-ல் 'டோட்டோ-சான்' என்ற புத்தகமாக எழுதினார். நேஷனல் புக் டிரஸ்ட் இதைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. டோட்டோ-சானுக்கு ஒரு தோழன். அவனுக்கு இளம்பிள்ளை வாதம். ஒரு நாள் மிகவும் பாடுபட்டு அவனை மரத்தில் ஏற்றி விடுகிறாள். பிறகு அவன் இறந்து விடுகிறான். அவன் படிக்கக் கொடுத்த புத்தகம் அவளிடம் இருக்கிறது. திருப்பி வாங்கிக் கொள்ள அவன் இல்லை.

அமெரிக்காவில் காதரின் பேட்டர்சன் என்ற எழுத்தாளரின் மகனுக்கு ஒரு தோழி. 1974-ல் மின்னல் தாக்கி அந்தச் சிறுமி இறந்தாள். மகன் தவித்த தவிப்பைக் கண்ட தாய், 1977-ல் 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' என்ற நாவலை எழுதினார். கதையில் வரும் பையன் ஒரு நாள் தோழியை விட்டுவிட்டு வெளியூர் போகிறான். அன்றுதான் அவள் ஓடையில் விழுந்து இறக்கிறாள். "அவளையும் அழைத்துப் போயிருந்தால்?" என்று அவன் மனம் குமைகிறது. 1978-ல் இந்நூல் நியூபெரி பரிசு பெற்றது. ஆனாலும் 1990-களில், பள்ளிகளில் இதை வைக்கக் கூடாது என்று பெற்றோர் பலர் ஆட்சேபித்தார்கள்.

ஆட்சேபம் சரியா?

நம் ஊரிலும் இதே கேள்வி எழும். "சிரித்து விளையாடும் வயதில் சாவுக் கதை எதற்கு?" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அபிமன்யு இறந்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலா இருந்தோம்? வீதியில் ஒப்பாரி கேட்காமலா வளர்ந்தோம்? துக்கத்தைப் பிள்ளையிடம் புத்தகம் கொண்டு வருவதில்லை. அது முன்பே வந்து விட்டது. "என்னால்தான் இப்படி ஆயிற்றோ?" என்று பிள்ளை உள்ளுக்குள் அஞ்சுகிறது. அதே அச்சம் கதையில் வரும் பையனுக்கும் உண்டு, அவன் மீண்டும் எழுந்து நடந்தான் என்று புத்தகம் காட்டுகிறது.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வைப்பு நிதி என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. நல்ல உதவி. பணம் படிப்புக்கு ஆகும். இரவில் விழித்துக் கொண்டு கூரையைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு வேறு துணையும் வேண்டும்.

செய்ய வேண்டியது

முதலாவது: பொய் சொல்லாதீர்கள். இறந்தவரை இறந்தவர் என்றே சொல்லுங்கள். பிள்ளையோடு சேர்ந்து அழுதால் தவறில்லை. "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்ட வேண்டாம்.

இரண்டாவது: சாவு நடந்த வாரமே புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள். அது மருந்துச் சீட்டு அல்ல. எட்டும் இடத்தில் வையுங்கள், எடுக்கும்போது எடுக்கட்டும். உங்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருமா? பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தார் சுற்றியபடியே கேட்கலாம்.

மூன்றாவது: நூலகத்தில் கேளுங்கள். நூலகச் சட்டம் இயற்றுவதில் இந்தியாவுக்கே வழி காட்டியது நம் மாகாணம், ஆண்டு 1948. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். ஆகையால் கேட்பது நம் உரிமை. பரீட்சைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இத்தகைய கதைகளுக்கும் ஒரு தட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதுகிறவர்களும் இந்த வயதுப் பிள்ளைகளுக்காக இன்னும் எழுத வேண்டும். தறி நின்றுபோன வீட்டுச் சிறுமியின் கதையை ஜப்பான்காரர் வந்து எழுத மாட்டார்.

தறியில் இழை அறுந்தால் நெசவாளி பாவையே அறுத்து எறிவதில்லை. அறுந்த முனையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார். அதற்கு முதலில், இழை அறுந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடமும் அதைத்தான் நாம் செய்ய வேண்டும்.