சாய்தளப் பாடமும் மழைநீரும்

பௌதிகப் பாடநூல்களில் சாய்தளம் என்பது எப்போதும் உலர்ந்த மரப்பலகையாகவே காட்சி தருகிறது. பலகையின் மேல் ஒரு கட்டை. அதன் எடை இரு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று கட்டையைச் சரிவின் வழியே கீழே இழுக்கிறது. மற்றொன்று அதைப் பலகையின் மீது அழுத்துகிறது. உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவு இந்த அழுத்தத்தைப் பொறுத்தது. பலகையை மெல்ல உயர்த்தும்போது எந்தக் கோணத்தில் கட்டை வழுக்கத் தொடங்குகிறதோ, அக்கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகமாகும். கட்டையின் எடையை இரட்டித்தாலும் கோணம் மாறுவதில்லை. இவை யாவும் உண்மையே. ஆயினும் மும்பையின் கோவண்டிப் பகுதியில் பயிலும் மாணவனுக்கு இவ்வளவு போதுமா என்பது ஐயத்திற்குரியது.

கோவண்டியை அடுத்துள்ள தேவனார் குப்பைக் கிடங்கு 1927ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 132 ஹெக்டேர். பல தலைமுறைகளாகக் கொட்டப்பட்ட குப்பை அங்கே குன்றுகளாக உயர்ந்தது. அருகிலேயே குடிசைகளும் நெருங்கின. 2021 ஜூலை 18 அன்று அதிகாலைப் பெருமழையில், செம்பூர் பாரத் நகரில் சரிவை ஒட்டிய மதில் ஒன்று இடிந்து வீடுகளின் மேல் விழ, உறங்கிக்கொண்டிருந்தவர் பலர் உயிரிழந்தனர். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர்.

மழை பெய்தால் சரிவு ஏன் நழுவுகிறது? நீர் எண்ணெய் போல் வழுக்கச் செய்கிறது என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. அது அரைகுறையான விடை. துகள்களின் இடைவெளிகளில் நிரம்பும் நீர் நாற்புறமும் அழுத்துகிறது. மேலுள்ள சுமையில் ஒரு பங்கை அதுவே தாங்கிக்கொள்கிறது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகிறது. குணகம் சிறிதும் மாறாதிருக்கையிலேயே உராய்வு மட்டும் தளர்ந்துவிடுகிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 பாகைச் சரிவில் 100 கிலோ எடையுள்ள மண்கட்டி இருப்பதாகக் கொள்க. அதைக் கீழே இழுக்கும் விசை 50 கிலோ. சரிவின் மீது அழுத்தும் விசை 86.6 கிலோ. குணகம் 0.7 எனில் உராய்வு 60.6 கிலோ வரை எதிர்த்து நிற்கும்; கட்டி நகராது. நீரின் அழுத்தம் அந்த 86.6 கிலோவில் மூன்றில் ஒரு பங்கை நீக்கிவிட்டால், எஞ்சும் உராய்வு 40.4 கிலோ மட்டுமே. இழுக்கும் விசையோ அதே 50 கிலோ! கட்டி நழுவிவிடும்.

இது பொறியியற் கல்லூரிக்குரிய பாடம் என்று ஆசிரியர் சிலர் ஒதுக்கக்கூடும். இதில் புதிதாகச் சேர்ந்தது ஒரே ஒரு கழித்தல்தான். செய்து காட்டவும் பெருஞ்செலவில்லை. வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான மேடையில் கவிழ்த்து வைத்தால், சில வேளை அது தானாகவே நகர்வதை இல்லங்களில் காணலாம். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரிந்து, டம்ளரைச் சற்றே தூக்குவதே அதற்குக் காரணம். ஹப்பர்ட், ரூபி என்னும் அமெரிக்க நிலவியலறிஞர் இருவர் 1959இல் வெளியிட்ட ஆய்வில், குளிரவைத்த காலித் தகரக் குவளையை ஈரக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து இதே கருத்தை விளக்கினர். மிகச் சிறிய சாய்விலேயே குவளை வழுக்கிச் சென்றது. பலகையும் கட்டையும் காட்டும் வகுப்பில் இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குவதே முறை.

குப்பைமேட்டின் இயல்பு இன்னும் ஏமாற்றுவது. கந்தலும் பிளாஸ்டிக்கும் பின்னிப் பிடிப்பதால் மண் நிற்க இயலாத செங்குத்திலும் அது நிற்கும்; பார்ப்பவர் அதனை உறுதியென நம்பிவிடுவர். அடிவாரத்தைத் தோண்டி இடம் பிடிப்பது, தாங்கும் தூணை அறுப்பதற்கு ஒப்பாகும்.

களப்பணியாளர் ஜூன் மாதத்திற்கு முன்னரே பார்க்க வேண்டியவை அரிய கருவிகளை வேண்டுவன அல்ல: சரிவின் உச்சியில் புதிய வெடிப்பு, நடுவில் புடைப்பு, அடியில் கலங்கிய கசிவு. தாங்குமதில்களில் நீர் வடிய விடப்படும் துளைகளையே முதலில் காண வேண்டும். வீட்டுக்குள் நீர் வருகிறதென்று அவற்றைச் சிமெண்டு பூசி அடைத்துவிடும் வழக்கம் உண்டு. அவர்களைக் குறை கூறுவதிலும் பயனில்லை, காரணத்தை எடுத்துரைப்பார் இல்லை. அடைபட்ட மதிலின் பின்னே மூன்று மீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால், மண்ணின் தள்ளுதல் நீங்கலாகவே, அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 3 டன் விசை வெளியே தள்ளும்.